டூக்கோவின் இடது கன்னம்

"அது கண்ணீர்னு எத்தனை தடவை சொல்றது..."

"சீழ் அண்ணி, சீழ்! கண்ணீர் எங்கயாவது இப்படி நாறுமா?"

"நாய்க் கண்ணீர் நாறத்தான் செய்யும். அது என்ன பன்னீரா..."

"ஒத்தக் கண்ணுல மட்டுந்தான் அழுவுமா? அதுவும் கண்ணுக்குக் கீழ ஓட்டை போட்டுக்கிட்டு?"

"கத்தாத நிதியா. அது பயப்படுது."

"அது பயப்படல. தலையைத் தூக்க முடியாமக் கெடக்கு. கொஞ்சம் குனிஞ்சுதான் பாருங்களேன்!"

சுல்மா குனிந்துதான் இருந்தாள். ஆனால் நாயைப் பார்க்கவில்லை. தரையில் சிதறிய ரத்தத்துளிகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், தீயில் வாட்டிய விலா எலும்பு ஒன்று சதையோடு கிடந்தது. டூக்கோ அதைக் கவ்வியதுதான் தாமதம், வீல் என்று கத்திவிட்டுக் கீழே போட்டது. போட்டதும் அடுப்பங்கரை மூலைக்குப் போய், வீட்டோடு கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

பைசந்தூ ஊரில் அன்று காலையிலிருந்தே மழை. மழை என்றால் மாவைத் தட்டிக் கொழுப்பில் பொரித்துத் தின்பதுதான் ஊர் வழக்கம். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை என்றால் விலாக்கறி. கணவன் மில்டன் இருந்தவரை அதை மாற்றியதில்லை. அவன் போன பிறகும் சுல்மா மாற்றவில்லை. மூன்று விலா வாட்டுவாள். ஒன்று அவளுக்கு, ஒன்று நாத்தனார் நிதியாவுக்கு. மூன்றாவது மில்டன் பங்கு. அது தட்டில் ஆறிக்கொண்டிருக்கும். இருவரும் சாப்பிட்டு முடித்ததும் அதை எடுத்து டூக்கோவுக்குப் போடுவாள்.

நிதியா இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்துத் தைத்தே கழுத்து முன்னால் வளைந்துபோனவள். கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே என்னும் கசப்பிலைக் கஷாயத்தைக் குழலிட்டு உறிஞ்சும் குடுக்கை, இவையில்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அண்ணன் இருந்தபோது வாரம் ஒருமுறை வந்தவள், அவன் போனபின் தினமும் வந்தாள். வந்ததும் முதல் வார்த்தை எப்போதும் ஒன்றுதான்: "ஜன்னலைத் திறங்க அண்ணி, நாய் வாய் வீட்டையே தூக்குது."

"நாளைக்குக் காலையில நாய் டாக்டர்கிட்டப் போறோம்," என்றாள் இப்போது. "பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட வண்டி கேட்டாச்சு."

"எனக்குத் தெரியாம கேட்டியா?"

"உங்களுக்குத் தெரிஞ்சா நடக்குமா? போன மாசமும் இதையேதான் சொன்னேன். 'அதுக்கு வியாதி இல்ல, துக்கம்'னீங்க."

"துக்கம்தான்! ஊரே சொல்லுது."

"ஊரு சொல்லும். ஊரா இதோட ராத்திரி படுத்துக்குது?"

ஊர் சொன்னது உண்மை. போன குளிர்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. டூக்கோ யாரிடமும் சொல்லாமல் கதவை முட்டித் திறந்துகொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அங்கே சுவர் முழுக்க, சவப்பெட்டிகளை உள்ளே வைத்து மூடும் மாடங்கள் அடுக்கடுக்காக இருக்கும். கீழ் வரிசையில் மில்டனின் மாடம். அதை மூடிய சலவைக்கல் பலகையில் கன்னத்தை ஒட்டவைத்து, கண்ணை மூடிப் படுத்திருக்கும். கண்ணிலிருந்து ஈரம் வழியும். காவலாளி எல்பியோ முதலில் விரட்டினான். பிறகு தொப்பியைக் கழற்றினான். பிறகு வருகிறவர்களிடமெல்லாம் காட்டினான். ரொட்டிக்கடையில் சுல்மாவைப் பார்த்தால் பெண்கள் தோளைத் தொட்டார்கள்: "அந்த வீட்டுல நாய்க்கே நெஞ்சு உடைஞ்சு போச்சே!"

*அந்த வீட்டுல.* சுல்மா அந்தச் சொல்லைத் தினமும் வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

ஏனென்றால் மில்டன் இறந்த அன்று அவள் அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி போட்டாள், நாற்காலி இரவல் வாங்கினாள், அவனுடைய நல்ல சட்டையைத் தேய்த்தாள். கண் மட்டும் சுடுமணலாய்க் காய்ந்து கிடந்தது. கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது நிதியா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணிக்குக் கிணறு வத்திப்போச்சு போல." யாரோ இருமினார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த வார்த்தை தெருவில் இறங்கி நடந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்கள். அப்படி ஒரு வருடம். அப்புறம் நாய் அழுதது, அந்த வீட்டின் மானம் திரும்பியது.

"ஒரு வருஷம் கழிச்சா துக்கம் வரும்?" என்று நிதியா அப்போதே கேட்டிருந்தாள்.

"சிலருக்கு லேட்டாத்தான் வரும்," என்றாள் சுல்மா. அதை நாய்க்காக மட்டும் சொல்லவில்லை.

இப்போது மூலையிலிருந்து டூக்கோ மெல்ல முனகியது. சுல்மா கடைசியில் திரும்பிப் பார்த்தாள். தக்காளிக் குழம்பு நிறத்து முகம்; அந்தக் குழம்புக்கு அங்கே டூக்கோ என்றுதான் பேர், அதனால்தான் அந்தப் பேரே. இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சை அளவுக்கு வீங்கி, நடுவில் உடைந்து, மஞ்சளாக ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது.

"எத்தனை மணிக்கு வண்டி?" என்றாள்.

*

டாக்டர் ஃபாபியானா இளம்பெண். ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மில்டனையும் தெரியாது, அழுகிற நாயின் கதையும் தெரியாது. டூக்கோவின் உதட்டை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். நாற்றம் மேசையைத் தாண்டி வந்தது.

"கொஞ்சம் இப்படி வாங்க, டோன்யா சுல்மா. நீங்களே பாருங்க," என்றாள், வயதில் பெரிய பெண்களுக்குச் சொல்லும் மரியாதைச் சொல்லைச் சேர்த்து.

சுல்மா பார்த்தாள். பல் இருக்க வேண்டிய இடத்தில் பல் இல்லை. மாத்தேக்குத் தண்ணீர் காய்ச்சும் கெண்டியின் அடியில் ஒட்டியிருக்குமே, சுண்ணாம்பு, அது மாதிரி பழுப்பாக, தடிதடியாக ஒரு கல். ஈறு அதிலிருந்து விலகி, சிவந்து, பயந்தவள் முந்தானையை இழுத்துக்கொண்டதுபோல் மேலே சுருங்கியிருந்தது.

"இதெல்லாம் காரை. நாம சாப்பிட்ட அழுக்கு பல்லுல ஒட்டும்ல? தொடைக்காம விட்டா கல்லாயிரும். கல்லுக்கு அடியில புகுந்து ஈறு அழுகும். இங்க பாருங்க, இந்தப் பெரிய கடைவாய்ப்பல் பொளந்திருக்கு. இதோட வேரு கண்ணுக்குக் கீழ வரைக்கும் போகும். வேர்ல சீழ் கட்டி, வெளிய வர வழியில்லாம கன்னத்தைத் துளைச்சிருக்கு."

"அது... கண்ணு இல்லையா?"

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல. கண்ணு நல்லா இருக்கு."

'நான்தான் சொன்னேனே' என்று நிதியா சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று சுல்மாவுக்குத் தோன்றியது. சொல்லியிருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

"மயக்கம் குடுத்துத்தான் சுத்தம் பண்ணணும். சில பல்லு எடுக்க வேண்டி வரும்."

"கிழட்டு நாய் டாக்டர். தூங்க வெச்சா எந்திரிக்குமா?"

"நெஞ்சைக் கேட்டுப் பாத்தேன், பரவாயில்ல. சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்படியே விட்டா இந்த விஷம் ரத்தத்துல இறங்கிக்கிட்டே இருக்கும். அதுக்கு வலியும் நிக்காது."

"வலிக்குதா?" என்றாள் சுல்மா. கேட்ட பிறகுதான் அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றினாள்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நிதியா குடுக்கையில் வெந்நீர் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, நிரப்பி நீட்டினாள். ஒரே குழல், ஒரே கசப்பு. கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணன் எப்படித்தான் அந்த வாய்க்குள்ள கைய விட்டாரோ," என்றாள் நிதியா.

"அவருக்குப் பல்லுன்னா பைத்தியம். நாப்பது வயசுலயே மொத்தமாப் போச்சுல்ல. பல் செட்டைக் கழட்டி கிளாஸ்ல போட்டுட்டு, பொக்கை வாயோட உக்காந்து நாய்க்கு விளக்குவாரு. 'என் வாயி ஆளில்லாத வீடு. இவன் வீட்டையாவது பூட்டாம வெச்சிக்கணும்'பாரு."

நிதியா சிரித்தாள். மூக்கு வழியாக மாத்தே வந்தது.

"நான் ஒரு நாள் கேட்டேன். பொண்டாட்டி மூஞ்சிய இப்படி ரெண்டு கையால என்னைக்காவது புடிச்சிருக்கியா கிழவான்னு."

"என்ன சொன்னாரு?"

"'நீ கடிக்க மாட்டேன்னு எழுதிக் குடு'ன்னாரு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. சுல்மா அதில் இறங்கினாள்.

"அவரு போனப்புறம் நான் ஒரு நாள்கூட விளக்கல நிதியா. எலும்பு கடிக்குது, பல்லு தானா சுத்தமாயிரும்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறோம்."

"அவரு நெனைக்கல. தீயில வாட்டுன எலும்பைப் போட விடமாட்டாரு. எலும்பு கையில இருந்தாலே சத்தம் போடுவாரு."

நிதியா குடுக்கையைத் திரும்ப வாங்கி, அதில் எதையோ தேடுவதுபோல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் வெளியே வந்தபோது மழை விட்டிருந்தது. "எந்திரிச்சிரும். இன்னும் போதை தெளியல, அவ்வளவுதான்," என்றாள். கையிலிருந்த சின்னத் தட்டில் பற்கள் கிடந்தன. அவற்றில் பெரியது நடுவில் பிளந்திருந்தது. பக்கத்தில் உரித்தெடுத்த காரை, உடைந்த ஓடு மாதிரி.

"ஒண்ணு கேக்கணும். முன்னாடி இந்த நாயை யாரோ ரொம்ப நல்லாப் பாத்திருக்காங்க. முன்பல்லு, கீழ்ப்பல்லு வேரெல்லாம் இளங்குட்டிக்கு இருக்கற மாதிரி இருக்கு. இந்தக் காரை முழுக்க ரெண்டு வருஷத்துக்குள்ள வந்தது. நீங்கதான் விளக்குவீங்களா?"

"என் வீட்டுக்காரரு."

"ஏன் நிறுத்திட்டாரு?"

சுல்மா நிதியாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"செத்துப்போயிட்டாரு டாக்டர்," என்றாள் நிதியா.

இளம்பெண்ணின் முகம் சிவந்தது. மன்னிப்புக் கேட்டாள். கேட்டுவிட்டு, பேச்சை மாற்ற வேண்டும் என்பதற்காகவே வேறொன்றைக் கேட்டாள்: "இந்தப் பல்லு பொளந்து ஒரு வருஷமாவது இருக்கும். வீட்டுல எங்கயாவது தேய்ச்சுக்கிட்டு, ஒரு பக்கமாப் படுத்துக்கிட்டு இருந்துச்சா? சிலது குளிர்ந்த தரையாத் தேடித்தேடிப் போகும். ஜில்லுனு வெச்சா வலி கொஞ்சம் அமரும், பாவம்."

சுல்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சலவைக்கல்லுல படுக்கும்," என்றாள்.

"அதான். எந்தக் கன்னம்?"

"இடது."

"அதான்," என்றாள் டாக்டர் மறுபடியும். ஒரு கணக்கு சரியாக வந்த சந்தோஷம் அவளுக்கு.

நிதியா சட்டென்று அண்ணியின் கையைப் பிடித்தாள். "அதுக்குன்னு... ஜில்லுனு இருக்கற கல்லு ஊர்ல எத்தனை இருக்கு? அதை விட்டுட்டு அண்ணன்கிட்டதானே போச்சு? ரெண்டுமே இருக்கலாம்ல அண்ணி? வலியும் இருக்கலாம், அதுவும் இருக்கலாம்."

"நேத்து வரைக்கும் சீழு சீழுன்னு கத்துனவ நீதான்."

"நேத்து கத்துனேன். இப்ப நான் கத்தல."

"விடு நிதியா."

"அண்ணி..."

"ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை அவரு பங்கை நான்தான் அது வாயில போட்டேன். அவரு பங்கு வீணாகக் கூடாதுன்னு போட்டேன். அதுலதான் பொளந்திருக்கு. வலியில போய்க் கல்லுல படுத்திருக்கு. அதைப் பாத்து ஊரு என்னைத் தொட்டுத்தொட்டு ஆறுதல் சொல்லிச்சு. நானும் வாங்கிக்கிட்டேன்." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்காக யாரோ அழறாங்கன்னு நிம்மதியா இருந்தேன்டி."

நிதியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிணறு என்ற சொல் இருவருக்கும் நடுவே வந்து உட்கார்ந்தது. இருவருக்கும் அது தெரிந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது..."

"காப்பி ஆறிப்போச்சுன்னு கோவத்துல சொன்ன. தெரியும்."

"காப்பி ஆறல அண்ணி."

"தெரியும்."

*

டூக்கோ பிழைத்துக்கொண்டது. இரண்டு நாள் கஞ்சி, மூன்றாம் நாள் பிசைந்த கறி. அதற்கப்புறம் தட்டை நக்கிய சத்தம் தெருவுக்கே கேட்டது. மறுவாரம் பக்கத்து வீட்டுப் பூனையைச் சுவர்மேல் ஏற்றிவிட்டது. செருப்பு ஒன்றைக் கடித்து இழுத்துப்போய்த் தோட்டத்தில் புதைத்தது. குட்டியாக இருந்தபோதுகூட இத்தனை அட்டகாசம் செய்ததில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் போகவில்லை.

சுல்மா கதவைத் திறந்தே வைத்துப் பார்த்தாள். அது வாசல்வரை போய், காற்றை மோந்து பார்த்து, திரும்பி வந்து அவள் காலடியில் சுருண்டு படுத்தது. ஒரு நாள் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, "போயேன், ஒரு தடவை போயிட்டு வாயேன்," என்றுகூடச் சொன்னாள். அது வாலை ஆட்டியது.

மிச்சமிருக்கும் பல்லைத் தினமும் துடைக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். சுல்மா விரலில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். டூக்கோ தாடையை இறுக்கிக்கொண்டது. கெஞ்சினாள், அதட்டினாள். பேங்க் லாக்கர் மாதிரி மூடியே இருந்தது.

"அண்ணன் ஏதோ சொல்லுவாரே," என்றாள் நிதியா, மாத்தேயை உறிஞ்சியபடி. "விளக்கும்போது. பாட்டு மாதிரி."

"பாட்டு இல்ல. ஸ்டாப்பு பேரு."

மில்டன் டவுன் பஸ் ஓட்டியவன். முப்பது வருடம் ஒரே வழி. வீட்டுக்கு வந்தும் அந்த வழியை விடவில்லை. ஒரு பல்லுக்கு ஒரு ஸ்டாப் என்று சத்தம் போட்டுக்கொண்டே போவான். அடுப்படியில் நின்றபடி இத்தனை வருடம் கேட்ட குரல். சுல்மா தொண்டையைச் செருமினாள்.

"டெர்மினல்! ஏறுறவங்க ஏறலாம்!"

டூக்கோவின் காது நிமிர்ந்தது. தாடை தளர்ந்தது.

"அட!" என்றாள் நிதியா.

"சதுக்கம். இறங்குறவங்க இறங்கலாம்." ஒரு பல். "ஆஸ்பத்திரி. மெதுவா பாட்டி, மெதுவா." அடுத்தது. "ரயில் கேட்டு... தோல் ஆலை..."

விரல் நின்றது. நாய் வாயைத் திறந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. காத்திருந்தது.

"அப்புறம் அண்ணி?"

"தெரியல."

"முப்பது வருஷம் ஓட்டுன வண்டி!"

"எங்கக்கா வீடு தோல் ஆலைகிட்ட. அது வரைக்கும்தான் போயிருக்கேன். அதுக்கு மேல எனக்கு வேலை இல்ல. ஏறுவேன், பேசாம இறங்குவேன். 'கடைசி வரைக்கும் ஒரு நாள் வாயேன், ஆத்தோரம் அழகா இருக்கும்'பாரு. சும்மா பஸ்ல சுத்துறதுக்கு நான் என்ன சின்னப் புள்ளையான்னுவேன்."

"ஏதோ ஒரு பேரைச் சொல்லுங்க. நாய்க்கு என்ன தெரியப்போகுது?"

"சந்தை," என்றாள் சுல்மா.

டூக்கோ வாயை மூடிக்கொண்டது. களைப்பாகவும் இருக்கலாம்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை சுல்மா விலா வாட்டவில்லை. கையில் நாலு கார்னேஷன் பூவோடு தனியாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். எல்பியோ வாசலில் இலை கூட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க டோன்யா, நம்மாளு வரலையா? பத்துப் பதினஞ்சு நாளா ஆளையே காணோம். ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கான். அதான் வரல."

எல்பியோ விளக்குமாற்றின்மேல் கையூன்றி யோசித்தான். "அப்ப அவனுக்கு ஆறிப்போச்சு. குடுத்து வெச்சவன்."

அவள் திருத்தவில்லை. திருத்த ஆரம்பித்தால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்.

கீழ் வரிசை மாடம் என்பதால் மண்டியிட்டுத்தான் ஆகவேண்டும். கோட்டை மடித்து முட்டிக்கு அடியில் போட்டுக்கொண்டாள். சலவைக்கல்லில், மில்டனின் பேருக்குக் கீழே, நாயின் கன்னம் பட்ட இடம் மஞ்சளாகக் கறை பிடித்திருந்தது. கைக்குட்டையை எச்சிலில் நனைத்துத் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். கல் ஜில்லென்று இருந்தது. கண் எப்போதும்போலக் காய்ந்துதான் இருந்தது.

"அவனுக்கு வலி போயிருச்சு," என்றாள் மெதுவாக. "இனிமே வரமாட்டான். நான்தான் வருவேன். எனக்கு அவனை மாதிரி அழத் தெரியாது, உனக்குத் தெரியும்ல."

தூரத்தில் எல்பியோவின் விளக்குமாறு சர் சர் என்று போய்வந்தது. பூவைச் செருகினாள், நேராக வைத்தாள், மறுபடி எடுத்து வேறு மாதிரி வைத்தாள். பிறகு, யாராவது கேட்டுவிடப்போகிறார்களோ என்பதுபோல் கல்லுக்கு ரொம்பக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள்.

"தோல் ஆலைக்கு அடுத்து எந்த ஸ்டாப்பு, கிழவா?"